இன்ஜினுக்குப் பேதி கொடுப்பவர்

அவரை அடையாளம் கண்டுகொள்ள வலது கைக் கட்டைவிரலைப் பார்த்தால் போதும். டிப்ஸ்டிக்கை உருவி, நுனியில் நிற்கும் ஆயிலை ஆள்காட்டி விரலோடு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து, ரேகைக்குள் கறுப்பு குடியேறியிருக்கும். கல்யாணப் பந்தியில் எத்தனை முறை கை கழுவினாலும் போகாது. தேய்த்த பிறகு மோந்து பார்ப்பார். மோந்ததும் ஒரு ‘ம்ஹூம்’.

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார், இல்லையென்றால் மின்வாரியம். வீடு கோவை சாயிபாபா காலனிப் பக்கம். போர்டிகோவில் கார்புரேட்டர் காலத்து மாருதி 800 நிற்கும். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடிப்பார். “உள்ள எவ்வளவு அழுக்கு பாருங்க!” கேஸ் சிலிண்டர் போட வந்தவரும் குனிந்து பார்த்தாக வேண்டும். அழுக்கு வராமல் என்ன செய்யும்? வண்டி போவது உழவர் சந்தைக்கும் கோயிலுக்கும். இன்ஜின் சூடு பிடிப்பதற்குள் வீடு வந்துவிடும். உள்ளே கோத்த ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து, நாள்பட நாள்படக் களிம்பாகிவிடும். காலாகாலத்தில் ஆயில் மாற்றினால் முடிந்த கதை. சாதாரண 20டபிள்யூ-40 ஆயிலிலேயே அழுக்கைக் கரைத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும் சரக்கைச் சேர்த்துத்தான் விற்கிறார்கள். ஆனால் ஆயில் மாற்றுவதில் நம்மவருக்கு என்ன பெருமை? அதை எந்தப் பையனும் செய்வான்.

மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த தலைமுறை அது. வயிறு சுத்தமானால் எல்லாம் சரியாகிவிடும் என்பது ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. இன்ஜினுக்கும் அதே பேதி வைத்தியம்தான். விளக்கெண்ணெயும் இன்ஜினுக்குப் புதிதல்ல. முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் இன்ஜின்களுக்கு அதைத்தான் ஊற்றினார்கள். வெளியே தெறித்ததைச் சுவாசித்து விமானிகளுக்கே வயிறு கலங்கியது என்று சொல்வார்கள். இதை யாரும் அவர் காதில் போட்டுவிட வேண்டாம்.

ரேஷனில் மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலத்தில் ஆயிலோடு அரை லிட்டர் அதையே ஊற்றுவார். இப்போது ஷெல்ஃப் நிறைய டப்பாக்கள்: இன்ஜின் ஃப்ளஷ், கார்புரேட்டர் கிளீனர், பெயிண்ட் கடைத் தின்னர், அசிட்டோன். டபிள்யூ.டி-40 மட்டும் தனி மரியாதையோடு முன்வரிசையில். “1953-லயே கண்டுபிடிச்சது. அட்லஸ் ஏவுகணைக்கே அடிச்சாங்க, தெரியுமா?” ஏவுகணை உழவர் சந்தைக்குப் போகவில்லை என்று சொல்ல நாக்கு துடிக்கும், பெரியவராயிற்றே என்று விட்டுவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை சிகிச்சை ஒன்று உண்டு. பானட்டின் முட்டுக்கம்பியில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும். உள்ளே பச்சைத் தண்ணீர். ஓடுகிற இன்ஜினின் கார்புரேட்டர் வாயில் டியூபைச் செருகி, சொட்டுச் சொட்டாக இறக்குவார். சைலன்சரில் வெள்ளை வெள்ளையாக வந்து எதிர்வீட்டுக் கொடித்துணியில் படியும். “கார்பன் வருது!” நீராவி கார்பனைப் பெயர்க்கும் என்பது மெய்தான். ஆனால் தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. சொட்டு தாரையானால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அவர் மனைவி மாடியில் இருந்து பார்ப்பது இன்ஜினை அல்ல, அவரைத்தான். “ஏனுங்க, ஆஸ்பத்திரியில எங்கம்மாவுக்கு ஏத்துன பாட்டில்தானே அது?”

ஃப்ளஷ் டப்பாவில் தெளிவாகவே போட்டிருக்கிறது: சூடான இன்ஜினில் ஊற்று, பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடு, ஆயிலை வடித்துவிடு, வண்டியை ஓட்டாதே. அதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு. “பொள்ளாச்சி வரைக்கும் ஒரு மிதி மிதிச்சாத்தான் நல்லாப் பிடிக்கும்.” கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் ஆயில் லைட் சிவப்பாக எரியும். கட்டி இழுத்து வந்த வண்டியின் அடியில் மெக்கானிக் படுத்து, சேம்பரைக் கழற்றி, ஸ்ட்ரெய்னரை வெளியே எடுத்துக் காட்டுவார். கரையாமல் பெயர்ந்து வந்த களிம்பு வலைக்கண் முழுக்க அப்பியிருக்கும்.

“பேரிங்குக்கு ஆயிலே போயிருக்காதுங்க சார். லைட் எரிஞ்சதுமே நிறுத்தியிருக்கலாமில்லீங்க?”

“பல்பு கோளாறுன்னு நினைச்சேன்.”

“அந்த அழுக்குதானுங்க இத்தனை வருஷமா சீல் கசியாம அடைச்சுட்டு இருந்துச்சு. அதைப் போயி எதுக்குங்க கரைச்சீங்க?”

இதெல்லாம் அவர் காதில் ஏறாது. களிம்பை வழித்து ஒரு பால் பவுடர் டின்னில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அடுத்த ஒரு மாதம் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் டின் தரிசனம். “இவ்வளவும் உள்ள இருந்துச்சு!” பேரிங் மாற்றிய பில்லை யாருக்கும் காட்டமாட்டார்.

இப்போது அவர் கோபமெல்லாம் சர்க்கார் மேல்தான். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்களே! எத்தனாலும் கரைப்பான் வகைதான். பழைய டேங்கின் அடிப்படிவைக் கிளப்பிவிடும், அந்தக் காலத்து ரப்பர் ஹோஸை ஊறவைத்துக் கெடுக்கும். நியாயமான கவலைதான். ஆனால் போன தீபாவளிக்கு அசிட்டோன் ஊற்றிய அதே டேங்கைத் தட்டிக்கொண்டு, “கேக்காம கொள்ளாம கண்டதையும் கலந்து ஊத்துனா வண்டி என்னத்துக்குங்க ஆகும்?” என்று அவர் கொதிக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விடுவதில் மும்முரமாகிவிடுகிறார். எத்தனாலை முறிக்கவும் ஒரு பாட்டில் வந்திருக்கிறதாம். ஆர்டர் போட்டாயிற்று, புதன்கிழமை வருகிறது.