கதை தெரிந்தவர்

ஊர் ஊராகச் சென்று படம் காட்டிய டூரிங் டாக்கீஸின் தரை வகுப்பில், அதாவது பெஞ்சும் நாற்காலியும் இல்லாத மணற்பரப்பில், மணலைக் குவித்து மேடாக்கி அமரும் சிறுவர்களுக்குப் பின்னால் தவறாமல் இடம்பிடித்தவர் கதை தெரிந்தவர். நகரத்தில் வெளியானபோதே படத்தைப் பார்த்துவிட்ட இவர், அதே படம் பல மாதங்கள் கழித்து, தொழில்மொழியில் 'சி சென்டர்' எனப்படும் சிற்றூர்க் கொட்டகைக்கு வந்து சேர்ந்ததும் மீண்டும் சீட்டு வாங்கியது, திரையில் வரப்போவதைப் பிறருக்கு ஒரு நிமிடம் முன்னதாகச் சொல்லிவிடுவதற்காகவே.

மௌனப் படக் காலத்தில் திரையருகே நின்று காட்சிகளை விளக்கிச் சொல்வதற்கென்றே ஆட்கள் இருந்தனர். 1931இல் 'காளிதாஸ்' வெளியாகித் தமிழ்த் திரை பேசத் தொடங்கியபின் அப்பணி படிப்படியாக மறைந்தது என்பது வரலாறு. அச்செய்தி இவர் செவிக்கு மட்டும் எட்டவில்லை.

இவருடைய முன்னறிவிப்பு படத்துக்கேற்ப வடிவம் கொள்ளும். 1958இல் வந்த 'நாடோடி மன்னன்' கறுப்பு வெள்ளையில் தொடங்கிப் பிற்பகுதியில் வண்ணத்துக்கு மாறும் படம் என்பதால், பெயர்கள் ஓடும்போதே "கலரு வரும் பாரு" என்று தொடங்கி, ஒவ்வொரு ரீல் மாற்றத்தின்போதும் "இன்னும் வரல, வரும்" என்று உறுதியளித்து, வண்ணம் உண்மையிலேயே வரும்போது வியப்பதற்கு ஒருவரிடமும் வலுவில்லாமல் செய்துவிடுவார். துப்பாக்கிச் சூட்டில் தொடங்கி, சுட்டவர் யார் என்ற ஒரே கேள்வியில் நிற்கும் 'அந்த நாள்' (1954) படத்திலோ, விடையைக் கடலைப் பொட்டலம் பிரிக்கும்போதே வழங்கிவிடுவார். நகைச்சுவை நடிகர் நாகேஷ் வாய் திறப்பதற்குள் இவர் சிரித்து முடித்திருப்பார். மணக்கோலத்தில் நாயகி பாடிக்கொண்டிருக்கையில் "பாவம், சாகப் போறா" என்று மூக்கைச் சிந்துவார். இவர் பீடி பிடிப்பதும் முன்னிருப்பவர் முதுகில் காலை நீட்டுவதும் இதனோடு ஒப்பிடுகையில் சிறு குற்றங்களே.

இவரால் பயன் விளைந்த வேளைகளும் உண்டு. பல ஊர்களில் ஓடித் தேய்ந்த பிரதியே, அதாவது படச்சுருளே, சிற்றூருக்கு வரும். அறுந்த இடங்களில் சில அடிகளை வெட்டி ஆபரேட்டர் ஒட்டியிருப்பதால், வீட்டில் உறங்கிய வில்லன் மறுநொடியே விலங்கோடு நீதிமன்றத்தில் நிற்பான். கொட்டகையே விழிக்கும் அக்கணத்தில் "நடுவுல ஒரு சண்டை இருந்துச்சு, போயிடுச்சு" என்று இவர் கொடுத்த விளக்கத்தால்தான் கதை தொடர்ந்தது. மின்சாரம் நின்றால் மீதிப் படத்தை இருட்டில் இவரே ஓட்டி முடித்ததும் உண்டு.

எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்தப் படத்தையும் முதன்முறையாகப் பார்ப்பது ஒருமுறைதான் வாய்க்கும். திருவிழாக் காசைச் சேர்த்து வைத்து வந்த சிறுவனிடமிருந்து அதைப் பறிப்பது நகைச்சுவை அன்று, அநியாயம். "மாமா, சும்மா இருங்க" என்று அவன் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வயதில் மூத்தவர், பெரும்பாலும் உறவினர். பல வேளைகளில் காசு போதாமல் நின்ற அவனுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தவரும் அவரே.