மேசை மாறினா மூளை மாறுமாலே?

ஏலே, போக்கர் சீட்டாட்டத்துல ஒண்ணு-மூணு மேசையில நாலஞ்சு வாரம் தொடந்து ஜெயிச்சிட்டியாமே. இனிமே ரெண்டு-அஞ்சு மேசையிலதான் உக்காருவியாமே. கேள்விப்பட்டேன், சந்தோசம். போயேன், யாரு உன் கையப் புடிச்சா? போறதுக்கு முன்னால இந்தக் கெழவன் பக்கத்துல செத்த உக்காரு. துட்டு கேக்க மாட்டேன். புத்திதான் சொல்லுவேன். அதுக்குக் கமிஷன் கெடையாது.

வள்ளுவர் சூதுக்குன்னு ஒரு அதிகாரமே எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு. அதைச் சொல்லி உன்னை வெரட்டப் போறதில்ல. அவரு சொல்லியே கேக்காத சனம் நான் சொல்லியா கேக்கும்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா கார எடுத்துக்கிட்டு லாஸ் வேகாசுக்கு ஓடுத பயகிட்ட 'போகாத'ன்னா காதுல ஏறாது. 'எப்படிப் போகணும்'னு சொன்னா ஒரு காதாவது தொறந்திருக்கும்.

மொதல்ல இந்த வேசம் எதுக்குன்னு சொல்லு. தலைக்கு முக்காடு வச்ச சட்டை. ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கறுப்புக் கண்ணாடி. ரெண்டு காதையும் மூடி ஹெட்போன். கையில ரெண்டு அடுக்கு சிப்ப வச்சுக்கிட்டு சடசடன்னு கலைச்சுக்கிட்டே இருக்க. பேச்சு அதுக்கும் மேல. 'ஷாட் எடுக்கப் போறேன் தாத்தா. வேரியன்ஸ் இருக்கத்தான் செய்யும். பேங்க்ரோல் தாங்கும்.' நம்ம ஊர்ல ஒருத்தன் தோத்தா 'தோத்துட்டேன்'னு சொல்லிட்டுத் துண்டை ஒதறிப் போட்டுட்டுப் போவான். நீ தோத்தா வேரியன்ஸ், அதிர்ஷ்டத்தோட ஏத்த எறக்கம்ங்க. ஜெயிச்சா மட்டும் அது உன் சாமர்த்தியமா? நீ ஜெயிச்ச அந்த நாலஞ்சு வாரமும் வேரியன்ஸ் என்ன லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருந்துச்சோ?

சீட்டைத் தொடாதவனுக்கும் வெளங்கணும்ல, அதனால சொல்லுதேன். ஒண்ணு-மூணுங்கது சீட்டுப் போடுததுக்கு முன்னாலயே ரெண்டு பேரு கட்டாயமா வைக்க வேண்டிய துட்டு. ஒருத்தன் ஒரு டாலர், அடுத்தவன் மூணு டாலர். பிளைண்டுன்னு பேரு. அந்த மேசையில பொதுவா 300 டாலரோட உக்காருவான். ரெண்டு-அஞ்சுக்குப் போனா 500, 1000. அதுக்கும் மேல அஞ்சு-பத்து இருக்கு. மூணுக்கும் அஞ்சுக்கும் ரெண்டுதானே வித்தியாசம்னு வாய் சொல்லும். பைக்குள்ள கைய விட்டாத்தான் தெரியும், 300 போயி 1000 வந்து நிக்குதது.

மேல போனா சீட்டு மாறுதா? அதே 52. அதே ஆட்டின், அதே கிளாவர். மாறுதது சிப்போட நெறந்தான். நெவாடாவுல செவப்பு 5 டாலர், பச்சை 25, கறுப்பு 100. கீழ செவப்பை அடுக்குதவன் மேல பச்சையையும் கறுப்பையும் அடுக்குதான். ஏன் துட்டா வச்சு ஆட விடாம வில்லையாக் குடுக்கான்னு என்னைக்காவது யோசிச்சியா? நூறு டாலர் நோட்டை எடுத்து வைக்கணும்னா கை கூசும். கறுப்பு வில்லையத் தள்ளுததுக்குக் கூசாது. வீட்டு வாடகை, பிள்ளையோட பள்ளிக்கூட பீஸ், ஊருக்கு அனுப்ப வேண்டிய துட்டு, எல்லாம் ஒரே வட்டம், ஒரே கறுப்பு. நீ எதைத் தள்ளுதன்னு உனக்கே தெரியாதுலே.

ஒருதரம் என் மக வழிப் பேரன் என்னையும் அங்ஙன கூட்டிட்டுப் போனான். டீலர்கிட்ட கேட்டு அவன் முதுகுக்குப் பின்னால ஒரு நாற்காலி போட்டுக் குடுத்தாவ. ஒம்பது பேரும் சீட்டைப் பாத்தாவ, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்தாவ. நான் டீலரம்மா கைப்பக்கம் மேசையில இருந்த சின்ன ஓட்டையப் பாத்துக்கிட்டிருந்தேன். நடுவுல துட்டு சேரச் சேர, அந்தம்மா அதுலருந்து ஒரு வில்லை, ரெண்டு வில்லைன்னு எடுத்து ஓட்டை மேல வைக்கா. ஆட்டம் முடிஞ்சதும் ஒரு தட்டு. 'டொக்'குன்னு உள்ள போயிருது. கீழ பூட்டுப் போட்ட பெட்டி. ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. ஜெயிச்சவன் பல்லைக் காட்டிக்கிட்டே டீலரம்மாவுக்கு வேற ஒரு டாலரைத் தூக்கிப் போடுதான். ராத்திரி பூரா ஒருதரங்கூடத் தோக்காத ஆளு அந்த மேசையில யாருங்க? அந்த ஓட்டைதான்.

ரேக்னு அதுக்குப் பேரு. கணக்கைப் போடு. மணிக்கு சுமாரா 30 ஆட்டம் ஓடும். ஆட்டத்துக்கு 4 டாலர் உள்ள போகுதுன்னு வையி. மணிக்கு 120. எட்டு மணி நேரத்துக்கு 960. ஒம்பது பேரும் தலைக்கு 300 கொண்டாந்திருந்தா மொத்தமே 2700. விடியுததுக்குள்ள மூணுல ஒரு பங்குக்கு மேல பெட்டிக்குள்ள. மிச்சத்துக்குத்தான் நீங்க ஒம்பது பேரும் கண்ணாடியப் போட்டுக்கிட்டு அடிச்சுக்கிடுதிய.

இந்த ஒரு விசயத்துல உன் பக்கம் நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். ரேக்குக்கு உச்சவரம்பு உண்டு. மேல் மேசையிலயும் அந்த வரம்பு ஏறக்கொறைய அதேதான். பெரிய ஆட்டங்கள்ல அதுக்குப் பதிலா அரைமணிக்கு இம்புட்டுன்னு ஆளாளுக்கு நேரத்துக்குக் காசு வாங்கிருவான். பந்தயம் ரெண்டு மடங்கானாலும் ஓட்டை ரெண்டு மடங்காகாது. அதனால நல்லா ஆடத் தெரிஞ்சவன் மேல போறது கணக்குக்குச் சரிதான். ஆனா இந்தக் கணக்கு உனக்கு மட்டுந்தான் தெரியுமா? தெரிஞ்சவன் பூரா உனக்கு முன்னாலயே ஏறிப்போயி உக்காந்திருக்கான்லா?

கீழ் மேசையில யாரு இருந்தாவ, நெனச்சுப் பாரு. சேக்காளி கல்யாணத்துக்கு வந்தவன். கம்பெனிக் கூட்டத்துக்கு வந்தவன். பீர் குடிக்க வந்தவன். பொண்டாட்டி ஷோ பாக்கப் போயிருக்கா, திரும்பி வாரவரைக்கும் பொழுது போகணும்னு உக்காந்தவன். தோக்கணும்னே கொஞ்சம் துட்டைத் தனியா எடுத்துட்டு வந்த ஆளுக அவங்க. அவங்ககிட்டதான் நீ ஜெயிச்ச. மேல இருக்கவனுக்கு அது பொழுதுபோக்கு இல்ல, சோலி. வாரத்துல அஞ்சு நாளு அதே நாற்காலி. அவன் வீட்டு அடுப்பு எரியுததே அதுலதான்.

கீழ பேரு எழுதிப்போட்டுட்டுக் காத்துக் கெடப்ப. சும்மா ஒருதரம் மேல போயி நின்ன ஒடனே நாற்காலிய இழுத்துப் போட்டாங்கன்னு பெருமையாச் சொன்ன. 'எந்த ஊரு, என்ன வேலை, எத்தனை நாளு இருப்பீக'ன்னு பக்கத்துல இருந்தவன் பிரியமா விசாரிச்சானாம். கம்ப்யூட்டர் கம்பெனி, நல்ல சம்பளம்னு நீயும் சொன்னியாம். ஏலே கூறு கெட்ட பயலே, அவன் என்ன பொண்ணு குடுக்கவா விசாரிச்சான்?

பந்தயத்தை ஒசத்துனா என்ன நடக்கும்னு தெரியணுமா? டல்லாஸ் பேங்க்காரர் ஆண்டி பீல் கதையக் கேளு. 2001-லருந்து அவரு பெல்லாஜியோ காசினோவுக்கு வந்து, அங்க இருந்த பெரிய கைகளோட ஒத்தைக்கு ஒத்தை ஆடுனாரு. அவரு போட்ட திட்டம் எளிசு. பந்தயத்தை அவங்களுக்கே வயித்தைக் கலக்குத அளவுக்கு ஒசத்திரணும். பயந்தவன் தப்பாத்தான் ஆடுவான். இவருகிட்ட பேங்கே இருக்கு, இவரு எதுக்குப் பயப்படணும்? எதிர்த்தாப்புல டாயில் பிரன்சன், சிப் ரீஸ்னு பெருந்தலைகளா இருந்தாவ. அவங்க வீம்புக்குத் தனித்தனியா நிக்கல. எல்லாரும் துட்டைப் போட்டு ஒரு கூட்டு வச்சாவ. ஆடுதது ஒருத்தரு, லாபநட்டம் எல்லாருக்கும்.

2006 பிப்ரவரியில லாஸ் வேகாஸ்ல பீல் அந்தக் கூட்டுகிட்ட ஒரு கோடி டாலருக்கு மேல எடுத்தாரு. பொறவு ஃபில் ஐவி வந்து உக்காந்தாரு. மூணே நாளுல ஒன்றரைக் கோடிக்கு மேல திருப்பி எடுத்தாரு. ஐவியோட கெட்டிக்காரத்தனத்தைத்தான் எல்லாரும் பேசுதாவ. நான் கேக்கது வேற. முன்னால ஆடுனவங்க தோத்த பொறவும் அடுத்த ஆளு வந்து உக்காரத் துட்டு இருந்துச்சே, அது எப்படி? கூட்டு இருந்ததால. அம்புட்டுப் பெரிய கைகாரனே தனியா நிக்கப் பயந்திருக்கான். உன் கூட்டுல யாருலே இருக்கா? கிரெடிட் கார்டுக்காரன் ஒருத்தன். அவன் லாபத்துல பங்கு கேக்க மாட்டான். நட்டத்துக்கு வட்டி கேப்பான்.

இன்னொருத்தரு ஆர்ச்சி கராஸ், கிரேக்க நாட்டுக்காரரு. 1992 கடைசியில 50 டாலரோட லாஸ் வேகாசுல வந்து எறங்குனாரு. கடன் வாங்கி ஆரம்பிச்சாரு. சீட்டு, பில்லியர்ட்ஸ் மேசை, பகடைன்னு பந்தயத்தை ஒசத்திக்கிட்டே போயி 4 கோடி டாலருக்கு மேல சேத்தாரு. 1995-ல அம்புட்டும் போச்சு. அதுல பெரும்பகுதி மூணு வாரத்துலயே போச்சு. ஸ்டூ உங்கர்னு ஒருத்தரு, போக்கர் உலகப் போட்டியோட மெயின் ஈவென்டை 1980, 1981, 1997-னு மூணு தரம் ஜெயிச்சவரு. கடைசித் தரம் பரிசு 10 லட்சம் டாலர். மறுவருசம் நவம்பர்ல ஒரு மலிவான லாட்ஜு ரூம்ல செத்துக் கெடந்தாரு. கையில இருந்தது சுமாரா 800 டாலர். சீட்டுல ஜெயிச்சதைக் குதிரைப் பந்தயத்துலயும் போதையிலயும் விட்டவரு.

இவங்களுக்கு ஆடத் தெரியாதுன்னு சொல்லுவியா? உன்னைய விட நூறு மடங்கு தெரிஞ்சவங்க. எறங்கத்தான் தெரியல. நம்ம ஊர்ப் பனையேறியப் பாரு. எறங்குததுக்குக் காலுல தெம்பை மிச்சம் வச்சுக்கிட்டுத்தான் மேல ஏறுவான். உச்சியில போயி நின்னு 'நான் ஏறிட்டேன்'னு ஊரைக் கூப்பிட மாட்டான். அவனுக்குச் சோலி முடியுதது கீழ காலு பட்ட பொறவுதான்.

சரி, சிரிப்பு போதும். இப்போ சொல்லுததை மனசுல வாங்கு.

ஆட்டத்துக்குன்னு துட்டைத் தனியா வையி, நீ சொல்லுத பேங்க்ரோல் அதுதான். ஒருதரம் உக்காரத் தேவையானதைப் போல 20, 30 பங்கு இருக்கணும். 500 டாலரோட உக்காருதேன்னா 10,000-லருந்து 15,000 வரைக்கும், வீட்டுச் செலவுல ஒரு காசு கலக்காம. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னாவ? அம்புட்டு இல்லையா? ஒண்ணும் கொறைஞ்சு போகல. கீழயே இரு. விரலுக்குத் தக்க வீக்கம் போதும்.

ஆசைக்கு மேல போயிப் பாக்கணும்னா, அதான் நீ சொன்ன 'ஷாட்'டுக்கு, மூணு பங்கு தனியா எடு. ரெண்டு போச்சுன்னா எந்திரி. மூணாவதைத் தொடாத. 'இந்த ஒரு ஆட்டம் மட்டும்'னு நாக்கு சொல்லும். நாக்குக்கென்ன, அதுவா வட்டி கட்டப் போகுது?

ஒரு நோட்டுப் போடு. வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஆடுனாலும் 300 ஆட்டம். அஞ்சு வாரத்துக்கு 1500. கம்ப்யூட்டர்ல நாலு மேசையத் தொறந்து வச்சு ஆடுதவன் ஒரே நாளுல அம்புட்டையும் முடிச்சிருவான். அதை வச்சுக்கிட்டா 'நான் ஜெயிக்குத ஆளு'ன்னு முடிவு கட்டுத? பத்து மாசம் எழுது. ஜெயிச்சதை மட்டும் எழுதாத. பெட்ரோல், ரூம் வாடகை, டீலருக்குக் குடுத்த டிப்ஸ், விடியக்காலம் குடிச்ச காப்பி, எல்லாம் ஏறணும். ஏத்திப் பாத்தா உன் ஜெயம் எளைச்சுப் போயி நிக்கும்.

வரியையும் மறந்துராத. அமெரிக்காவுல 2025-ல ஒரு சட்டம் போட்டாவ. 2026-லருந்து சூதுல தோத்ததுல 90 சதவீதத்தைத்தான் ஜெயிச்சதுலருந்து கழிக்கலாம். வருசத்துல ஒரு லட்சம் ஜெயிச்சு ஒரு லட்சம் தோத்தவனுக்குக் கையில ஒண்ணுமில்ல. ஆனா 10,000 டாலருக்கு வரி கட்டணும். ஆடாமலே ஜெயிக்கவன் ஓட்டைக்காரன் மட்டும்னு நெனச்சிராத, சர்க்காரும் பக்கத்துலதான் உக்காந்திருக்கு.

கடைசியா ஒண்ணு. மேல் மேசைக்கு எம்புட்டு எடுத்துட்டுப் போறன்னு பொண்டாட்டிகிட்ட வாய்விட்டுச் சொல்லு. 'கொஞ்சம்'னு சொல்லக்கூடாது, தொகையச் சொல்லணும். சொல்லும்போது கொரலு எறங்குதான்னு பாரு. எறங்குனா அந்தத் தொகை உனக்குப் பெருசு. அதுக்கு மேல எந்தப் பொஸ்தகமும் வேண்டாம், எந்தக் கம்ப்யூட்டர் கணக்கும் வேண்டாம்.

கொரலு எறங்கலையா? தாராளமாப் போ. ஜெயிச்சிட்டு வந்தா எனக்கு ஒரு நல்ல வேட்டி எடுத்துக் குடு. தோத்துட்டு வந்தா ஒண்ணுங் கேக்க மாட்டேன். ஆனா தோத்த மறுவாரம், உன்னைப் பாத்து நாலு பேரு சிரிச்சாலும் கூச்சமில்லாம அந்தப் பழைய ஒண்ணு-மூணு மேசையிலயே போயி உக்காந்தேன்னு வந்து சொல்லு பாப்போம். அன்னைக்கு வேட்டி நான் எடுத்துத் தாரேன்லே.