நான்மலைத் தேர்வியல்: ஒரு முன்னாய்வு

மலை தேர்தல் என்பது யாதோவெனின், காலை உணவு மேசையில் அமர்ந்து, சுற்றியுள்ள நான்கு மலைகளில் எதிலிருந்து உருண்டு விழுவது என்று குடும்பத்தோடு சண்டையிட்டு முடிவெடுத்தல் என்க. இத்துறைக்கு உகந்த களம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஆஸ்பென். 1893இல் வெள்ளி விலை சரிந்ததும் படுத்துவிட்ட சுரங்க ஊர் அது. முன்னோர் மலையைக் குடைந்து தேடிய வெள்ளியைப் பின்னோர் 1946இல் அதே மலையில் லிஃப்ட் போட்டு, பனிச்சறுக்க வந்த பயணிகளின் சட்டைப்பையில் கண்டெடுத்தனர்.

பனிச்சறுக்குப் பாதைகளுக்குப் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் ஆபத்து. ஊரின் தலைமாட்டிலேயே நிற்கும் ஆஸ்பென் மலையில் (பழையவர்களுக்கு அஜாக்ஸ்) பச்சை என்பதே கிடையாது. 2001 ஏப்ரல் வரை ஸ்னோபோர்டுக்காரர்களையும் சேர்க்காத ஆசார மலை. ஸ்னோமாஸ், மற்ற மூன்றையும் கூட்டினாலும் ஈடாகாத பெரிசு. ஹைலண்ட்ஸில் லிஃப்ட் விட்ட இடத்திலிருந்து பலகைகளைத் தோளில் சுமந்து 12,392 அடி உச்சிக்கு நடந்து போகிறவர்கள் உண்டு. இறங்குவதற்காக ஏறும் இந்த இன்பம் தனி ஆய்வுக்குரியது. பட்டர்மில்க், அதாவது மோர், கற்றுக்குட்டிகளுக்கானது. ஆனால் 2002 முதல் குளிர்கால எக்ஸ் கேம்ஸ் சாகசப் போட்டிகளும் அங்கேதான். மோருக்குள் மிளகாய் இருக்கத்தான் செய்கிறது.

குடும்பத் தலைவரின் சுட்டுவிரலைக் கவனியுங்கள். வரைபடத்தில் பச்சை வட்டத்தருகே சற்று இளைப்பாறும். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தால் கறுப்பு வைரத்துக்குத் தாவும். அவர் எழுந்து போனதும், "குழந்தைகளுக்காக" என்ற முன்னுரையோடு மோருக்குத் திரும்பும்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்போர்க்கு விடை: அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம். மூன்று மலைகள் ஒரு கம்பெனியிடம், ஹைலண்ட்ஸ் மட்டும் வேறொருவரிடம் இருந்த காலம். நான்குக்கும் செல்லும் பொதுச் சீட்டு ஒன்று இருந்தது. யார் எந்த மலைக்குப் போனார் என்று மாதிரிக் கணக்கெடுத்து வசூலைப் பிரித்தார்கள். 1973-74இல் ஹைலண்ட்ஸின் பங்கு 17.5 சதவீதம். பிறகு பெரிய கம்பெனி, 12.5 சதவீதம் வாங்கிக்கொள், இல்லாவிட்டால் பொதுச் சீட்டே இல்லை என்றது. ஹைலண்ட்ஸ் மறுக்கவே, 1978-79 பருவத்தில் சீட்டு நின்றது. முழு விலை கொடுத்து உன் சீட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று ஹைலண்ட்ஸ் கேட்டாலும் கம்பெனி விற்கவில்லை. வங்கியில் பணம் கட்டி அதன்பேரில் ஹைலண்ட்ஸ் கூப்பன் அச்சிட்டது. ஊர்க் கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள், போட்டி மலையின் லிஃப்ட் மட்டும் வாங்கவில்லை. 1985இல் தீர்ப்பு ஹைலண்ட்ஸ் பக்கம். மும்மடங்காக்கிய இழப்பீடு 75 லட்சம் டாலர். ஆக, மனிதர்க்கு வேண்டியது மலை அன்று, நாளைக்கு வேறு மலைக்குப் போகலாம் என்ற நினைப்பே. ஒரே மலையில் எல்லா நாளும் விழுந்தெழுபவருக்கும் சீட்டில் நான்கு மலை இருக்க வேண்டும்.

1993இல் ஹைலண்ட்ஸும் அதே கம்பெனியோடு சேர்ந்துவிட்டது. இன்று நான்குக்கும் ஒரே சீட்டு, மலைக்கு மலை இலவச பஸ். முதல் நாள் பட்டர்மில்க் போங்கள். பக்கத்து மேசைக்காரரும் அங்கேதான் இருப்பார்.