நாலாவது சோடி

கச்சேரியில் வித்துவானுக்குச் சுருதி பிசகினால் முன்வரிசையில் இரண்டொருவர் புருவத்தைச் சுருக்குவார்கள். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆட்டத்துக்கு வாசிக்கிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. அவன் பிசகினால் அடுத்த கணமே எட்டுப் பேர் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்வார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருத்தி மாப்பிள்ளையின் தாயாராக இருப்பாள். கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. முட்டவைத்தவன் நான்.

எனக்கு வீடு மாங்கேணி. வேலை வாழைச்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில், கணிதம் படிப்பிக்கிறது. தவக்காலம் போக மற்ற மாதங்களில், சனிக்கிழமைகளில் பறங்கியர் கலியாண வீடுகளில் மெண்டலின் வாசிக்கிறேன். வாசிக்கிறேன் என்பது நான் சொல்வது. எங்கள் செட்டின் தலைவரான வயலின் அங்கிளைக் கேட்டால், "சேரும் கூட இருக்கிறார்" என்பார்.

மட்டக்களப்புக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டையை வைத்திருந்தது பத்து வருடம்தான். ஆனால் அவர்கள் விட்டுப்போன பாஷை இன்னும் மட்டக்களப்பிலும் வாழைச்சேனையிலும் சில பறங்கியர் வீடுகளின் குசினிக்குள் நடமாடுகிறது. தச்சுவேலை, இரும்புவேலை, தையல் என்று கைத்தொழிலில் பேரெடுத்த குடும்பங்கள் அவை. அந்த வீடுகளில் கலியாணம் என்றால் வயலின், கித்தார், மெண்டலின், றபான் எல்லாம் வெளியே வரும். கப்ரிஞ்ஞா ஆடுவார்கள். அது மும்மூன்றாக ஆறு எண்ணும் தாளம். நம் பக்கத்தில் திஸ்ரம் பழகியவனுக்கு லேசாகப் பிடிபடும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கப்ரிஞ்ஞாவுக்குப் பிறகு வருவது லான்சஸ். அதுதான் என் சனி. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் 1817 அளவில் தலைகாட்டி, 1850களில் பெரிய மோஸ்தராகிய ஆட்டம் அது. அப்போது இலங்கையில் போர்த்துக்கேயர் போய் இரண்டு நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆண்டவன் ஒருவன், ஆடக் கற்றது இன்னொருவனிடம். அதை வாழைச்சேனையில் தமிழ் பேசிக்கொண்டே ஆடுகிறார்கள், அதற்கு மாங்கேணிக்காரன் ஒருவன் பிழையாக வாசிக்கிறான். இந்தத் தீவின் சரித்திரத்தை ஒரு வினாத்தாளில் கேட்டால் நான் இதைத்தான் விடையாக எழுதுவேன்.

மாங்கேணியான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தான்? ஆள் தட்டுப்பாடு. நன்றாக வாசித்த பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். 2004 சுனாமி டச்பார் பறங்கியர் குடியிருப்பை அடித்துக்கொண்டு போனது. தப்பியவர்களில் பலர் பனிச்சையடிக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆட்களோடு வாத்தியங்களும் போயின. வயலின் அங்கிளின் பேரன் என் வகுப்பில் படிக்கிறான். ஒரு நாள் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர், என் மேசைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த மெண்டலினைக் கண்டார். பேரனின் புள்ளிகளைப் பற்றிப் பேச வந்த மனிதர் அதை மறந்துவிட்டு, "சேருக்கு ஆறு எண்ணத் தெரியுமா?" என்று கேட்டார். கணித ஆசிரியரிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? தெரியும் என்றேன். என் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் அதிகம் விலை கொடுத்தது அதுதான்.

லான்சஸில் நாலு சோடி, சதுரமாக ஒருவரையொருவர் பார்த்து நிற்பார்கள். ஐந்து பகுதி. முதலில் எட்டு பார் முன்னிசை; அதில் எல்லாரும் தலை வணங்குவார்கள். பிறகு ஒவ்வொரு சோடியாக முன்வந்து ஆட்டத்தை நடத்தும். ஆகவே ஒரே மெட்டை நாலு தடவை வாசிக்கவேண்டும். சோடிக்கு ஒன்று. இவ்வளவுதான் கணக்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் போதும்.

என் முதற் கலியாணத்தில் மூன்றாவது தடவை முடிந்ததும் நான் கம்பீரமாக முத்தாய்ப்பு வைத்து நிறுத்தினேன். செட்டில் மெண்டலின் உரக்கக் கேட்கும். நான் நிறுத்திய உறுதியைப் பார்த்து கித்தாரும் நின்றது, றபானும் நின்றது. அங்கிளின் வயலின் மட்டும் நடுரோட்டில் பெற்றோல் முடிந்த மோட்டார் சைக்கிள் மாதிரி இன்னும் கொஞ்சத் தூரம் ஓடி நின்றது. நாலாவது சோடி அப்போதுதான் கைகோத்து ஓரடி முன்வைத்திருந்தது. அது மணமகளின் தாயும் தகப்பனும். அந்த அன்ட்டி அந்த ஓரடிக்காக மாதக்கணக்கில் மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்த்து வந்தவர் என்று பிறகு சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. உயர்தரப் பரீட்சையில் ஒரு பக்கத்தைத் திருப்பாமல் விட்டுவிட்டு வந்த பிள்ளையை நான் பார்க்கும் பார்வை அது.

"என்ன சேர், நாலாவது சோடிக்குக் கால் இல்லையா?" என்றார் அங்கிள். சனம் நிறைந்த இடத்தில் என்னைச் சேர் என்று விளிப்பதை அவர் கைவிடுவதே இல்லை. அந்த மரியாதைதான் கூடச் சுடும்.

அடுத்த முறை திருத்திக்கொள்ளத் தீர்மானித்தேன். திருத்திக்கொண்டேன், ஐந்து தடவை வாசித்தேன். ஆட்டம் முடிந்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்த முதற் சோடி, மெட்டு மறுகா வருவதைக் கேட்டு, ஏதோ விசேடம் என்று நினைத்து ஓடிவந்து மறுபடி ஆடியது. அவர்கள் மட்டும் ஆட மற்ற மூன்று சோடியும் வாய் பார்த்தன. எனக்கு "மூணு சேர்" என்ற பட்டம் ஏற்கெனவே இருந்தது. அன்றிரவு அதை மாற்றலாமா என்று செட்டில் பேசிக்கொண்டார்கள். கித்தார்க்காரர் வேண்டாம் என்றார். அடுத்த கிழமை எத்தனை என்று யாருக்குத் தெரியும் என்பது அவர் வாதம்.

வீட்டில் பெரியப்பாவிடம் சொல்லி ஆறுதல் தேடினேன். அவர் இளவயதில் வடமோடிக் கூத்தாடியவர். ஆளுயர உடுப்போடு விடிய விடியக் களரியில் நின்றவர். "அண்ணாவியார் மத்தளத்தைப் பார்த்து அடிச்சத நான் ஒரு நாளும் காணல்ல. ஆடுறவன்ட காலைப் பார்த்துத்தான் அடிப்பார். நீ கம்பியப் பார்த்துக்கிட்டு இருக்காய்" என்றார். எவ்வளவு பெரிய பாடம்! அதற்கடுத்த சனிக்கிழமை காலைப் பார்த்தேன். ஐந்தாம் பகுதியில் நாலு சோடியும் வரிசையாகி, பிரிந்து, ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக நடந்துபோய்த் திரும்பச் சேருவார்கள். அதை அதுவரை நான் பார்த்ததே இல்லை. நீளக் கவுண்கள் ஒருசேரக் கிறுகுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில்தான் கவனித்தேன், என் கை வாசிக்கவில்லை. அன்று செட்டின் ஓசை மிகத் தெளிவாக இருந்ததாகப் பலரும் அங்கிளிடம் பாராட்டினார்களாம்.

இந்தக் காலத்தில்தான் கிளாஸ்கோவில் இருக்கும் என் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினான். கூட வேலை செய்யும் ஸ்கொட்லாந்துக்காரனின் கலியாணம். பாவாடை கட்டிய மாப்பிள்ளை, அக்கோடியன், வயலின், டிரம். அவர்கள் அதைக் கேய்லி என்கிறார்கள். பார்த்தால் அங்கேயும் சதுரமாக நாலு சோடி! எய்ட்சம் ரீல் என்று பெயராம். தேடிப் பார்த்தேன். அதில் எட்டுப் பேரும் ஒவ்வொருவராக நடுவில் வந்து நிற்பதால் நடுப்பகுதியை எட்டுத் தடவை வாசிக்கவேண்டும். முழுதும் 464 பார். நாலில் தவறுகிறவன் அங்கே பிறந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று நினைத்து, மாங்கேணியில் பிறந்ததற்காகப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

என்னைக் கவர்ந்தது ஆட்டம் அல்ல. மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அடிகளை நடத்திக் காட்டி, ஆடும்போதும் "இப்ப கிறுகு, இப்ப கையைக் கொடு" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ரிப் த வில்லோ என்ற ஆட்டத்தில் ஆட்கள் சுழன்று சுவரில் மோதப் போகும்போதும் அவர் அசையவில்லை. எங்கள் செட்டில் அப்படி யாரும் இல்லை. ஆடுகிறவர்களே ஒருவரையொருவர் அதட்டிக்கொள்வார்கள். வாத்தியத்தில் தோற்றவனுக்கு வாயால் பிழைக்க ஒரு வழி தெரிந்தது. படிப்பிக்கிறதுதானே என் தொழில்?

அங்கிள் ஒப்புக்கொண்டார். மெண்டலின் என் கையில் இராது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் என்று இப்போது புரிகிறது. மைக்கைப் பிடித்தேன். மணமக்களை வாழ்த்தினேன், லான்சஸின் வரலாற்றை 1817இலிருந்து சுருக்கமாகச் சொன்னேன். சுருக்கம் என்பது என் கணிப்பு. பிறகு "எல்லாரும் வலப்பக்கம் கிறுகுங்க" என்றேன். எனக்கு எதிரே நிற்பவர்களின் வலப்பக்கம் எது என்று யோசிக்காமல், என் வலக்கையை நீட்டிக் காட்டிக்கொண்டே சொன்னேன். பாதிப் பேர் காதை நம்பினார்கள், பாதிப் பேர் கண்ணை நம்பினார்கள். நடுவில் சந்தித்தார்கள். ஒரு சப்பாத்துக் குதி உடைந்தது. எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி எழுந்து வந்து, என் கையிலிருந்து மைக்கை மெல்ல வாங்கி, அதற்குள், "மகன், நான் ஏழு வயசில இருந்து இத ஆடுறன். நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றார். மண்டபம் முழுவதும் கேட்டது. சாப்பிட்டேன். கேக் நன்றாக இருந்தது.

பறங்கியர் வீட்டில் பட்ட அவமானத்தைச் சொந்த ஊரில் ஈடுகட்டலாம் என்று நினைத்தது அடுத்த பிழை. அக்காவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. இரவு சொந்தக்காரர் எல்லாம் பந்தலுக்குள் இருந்தபோது மெண்டலினோடு எழும்பினேன். லான்சஸ் ஆடலாம், நாலு சோடி வாருங்கள் என்றேன். எங்கள் ஊரில் புருசனும் பெண்சாதியும் மாமியார் முன்னால் கைகோத்து நிற்பதென்றால் அதற்கு முதல் கடல் வற்றவேண்டும். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் இளந்தாரிகள் நாலு பேர் வந்தார்கள், பெண்கள் இல்லாமல். அப்போது பெரியப்பா கதிரையை விட்டு எழும்பினார். "நான் திரௌபதையா ஆடினவன். நாலு பொம்பளைக்கும் நானே நிக்கிறன், நீ அடி" என்றார். உண்மையாகவே நின்றார். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் ஓடி ஓடி நாலு பேருக்கும் கை கொடுத்தார். அதுவும் வடமோடி அடியில். மெட்டு எத்தனை தடவை போனது என்று அன்று நான் எண்ணவே இல்லை. அவர் மூச்சு வாங்கியபோது நிறுத்தினேன். என் வாழ்நாளில் சரியான இடத்தில் நிறுத்திய லான்சஸ் அது ஒன்றுதான் என்று பெரியப்பா சாதிக்கிறார். அடுத்த நிமிடம் யாரோ "சுராங்கனி போடுங்கடா" என்று கத்தினார்கள். சிலோன் மனோகரின் குரல் பெட்டியிலிருந்து வந்ததும் பந்தல் முழுவதும், மாமியார்கள் உட்பட, எழும்பி ஆடியது. அதற்கும் அடியில் ஓடுவது பைலாத் தாளம்தான், கப்ரிஞ்ஞாவின் பிள்ளை. அதை அந்த நேரத்தில் எடுத்துச் சொல்ல முயன்றேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். ஒருவரும் கேட்கவில்லை. அம்மா மட்டும், "உடுக்கடிக்கப் பழகியிருந்தாலும் கோயில் சடங்குக்கு உதவியிருக்கும்" என்றார்.

றபானையும் ஒரு தடவை தந்து பார்த்தார்கள். மெட்டு எண்ண வேண்டியதில்லை, தாளம் மட்டும்தான் என்று. வாவிக் காற்றின் ஈரத்தில் அதன் தோல் தொய்ந்துவிடும். ஆட்டத்துக்கு முன் நெருப்பில் காட்டி முறுக்கேற்றவேண்டும். எவ்வளவு நேரம் காட்டுவது என்று நான் கேட்கவில்லை. மணத்தைக் கொண்டு சமையற்காரர் கண்டுபிடித்தார். புதுத் தோலுக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

வீட்டில் இருந்து பழகுவதற்காக, கென்னத் டேவிட் ஜாக்சன் இலங்கையில் பதிவுசெய்த பறங்கியர் பாட்டுகளின் இசைத்தட்டு ஒன்றைத் தேடிப் பிடித்தேன். 1998இல் போர்த்துக்கல்லில் வெளியிட்டது. பஸ்ஸில் ஓட்டமாவடியில் இருந்து காயாங்கேணி வரை காதில் மாட்டிக்கொண்டு விரலால் தொடையில் எண்ணுவேன். பல நாள் மாங்கேணி இறக்கத்தைத் தவறவிட்டு, பனிச்சங்கேணிப் பாலத்தில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். நடத்துநர் இப்போது எண்ணுவதைப் பார்த்தாலே முன்கூட்டி மணியடித்து விடுகிறார்.

ஏன் விலக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அங்கிளைக் கேட்டேன். வாசிக்க வேறு ஆள் இருந்தால் விலக்கியிருப்பேன் என்றார், முகத்தைக்கூடத் திருப்பாமல். ஆனால் வழி ஒன்று கண்டுபிடித்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை முதல் அவரது பேரன் என் பக்கத்தில் சின்னக் கதிரையில் இருப்பான். ஒவ்வொரு சோடியும் ஆடி முடிந்ததும் என் முழங்காலில் ஒரு தட்டு. நாலாவது தட்டு விழுந்தால் நிறுத்தவேண்டும், விழாவிட்டால் நிறுத்தக்கூடாது. ஒத்திகையில் அவன் ஒரு தட்டும் பிசகவில்லை. போன தவணைக் கணிதப் பரீட்சையில் அவனுக்கு முப்பத்திரண்டு புள்ளி போட்டவன் நான்.