வாழைப்பழம் போடாத பீரில் வாழைப்பழ வாசம்: ஒரு முன்னுரைக்கு முன்னுரை

0. தோற்றுவாய்

எந்த ஆய்வும் சங்க இலக்கியத்தில் தொடங்க வேண்டும் என்பது மரபு. பெரும்பாணாற்றுப்படையில் வீட்டில் ஆக்கிய தோப்பி வருகிறது; நெல்லில் ஆன கள். அதற்கு என்ன ஈஸ்ட் என்று புலவர் சொல்லவில்லை. மரபுக்கு மரியாதை செய்தாயிற்று. இனி அமெரிக்காவில் உள்ள என் கராஜுக்குப் போவோம். அங்கே ஒரு வாளியில் 20 லிட்டர் கோதுமை மால்ட் சாறு ஆறிக்கொண்டிருக்கிறது. ராஸ்பெரி ஃப்ரீசரில் காத்திருக்கிறது. எந்த ஈஸ்ட்டைத் தூவுவது என்பதே ஆய்வுச் சிக்கல். (வீட்டில் பீர் காய்ச்ச அந்நாட்டு மத்திய அரசு 1978இல் வழிவிட்டது: ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவர் இருந்தால் 200. தன் பங்கை என் மனைவி எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாகக் கொள்கிறேன். அவர் தரப்பு இன்னும் கேட்கப்படவில்லை.)

1. பெயராய்வு

ஈஸ்ட்டை நொதி என்பாரும் நொதியம் என்பாரும் உளர். நொதி என்சைம் அல்லவா என்று சீறுவாரும் உளர். இதைத் தீர்க்கக் கூடிய கலைச்சொல் கூட்டங்களில் தேநீர் ஆறியிருக்கிறதே ஒழிய எதுவும் நொதித்ததில்லை.

2. வரலாறு

1516ஆம் ஆண்டு பவேரியச் சட்டம், பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்றது. அதில் ஈஸ்ட் இல்லை, கோதுமை இல்லை, பழமும் இல்லை. ஆக, நம் ஆய்வுப் பொருள் அடியோடு இல்லாதது. இல்லாததைப் பற்றி 300 பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவர்கள் இருப்பதால் தொடர்கிறேன்.

3. வகைப்பாடு

பவேரியக் கோதுமை ஈஸ்ட் வாழைப்பழமும் கிராம்புமாக மணக்கும். அமெரிக்க ஏல் ஈஸ்ட் இருக்கிற இடம் தெரியாது. ரொட்டி ஈஸ்ட்டை ரொட்டிக்கு விடுக.

4. வாழைப்பழச் சிக்கல்

பவேரிய ஈஸ்ட் நொதிக்கும்போது ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளை உண்டாக்குகிறது. பழுத்த வாழைப்பழத்தில் மணப்பதும் அதுவே. தேனீ கொட்டியதும் தன் கூட்டத்தை உசுப்பிவிட வெளியிடும் வாசத்திலும் அதுவே முதன்மை. (தேன்கூட்டின் அருகே இந்தப் பீரைக் குடிப்பது களப்பணியில் சேராது.) வெப்பம் ஏறினால் வாழைப்பழம் தூக்கும், குறைந்தால் கிராம்பு தலைகாட்டும்.

இங்கே அறிஞர் உலகம் பிளக்கிறது. பழத்தைப் போட்டால்தான் பழ பீர் என்பர் இருப்புவாதிகள். மூக்குக்குப் பழம் என்று பட்டால் பழமே என்பர் மணவாதிகள். என் அண்டைவீட்டுக்காரர் முதலில் இருப்புவாதி (வாய்மொழி, முதல் குவளை); பிறகு மணவாதி (அதே ஆசிரியர், அதே மாலை, நாலாம் குவளை; ஐந்தாம் குவளைப் பகுதி சிதைந்துள்ளது). என் கராஜ் நோட்டோ வேறு சொல்கிறது (14ஆம் பக்கம், ராஸ்பெரிக் கறைக்குக் கீழே மூன்றாம் வரி, கறை தின்ற சொல்லை ‘கிராம்பு’ என்றும் ‘கிறுக்கு’ என்றும் படிக்கலாம், பின்னதே என் மனைவியின் உரையோடு இயைவது).

இதைவிடப் பெரிய மோசடி ஒன்று உண்டு. ராஸ்பெரியைப் போட்டால் ஈஸ்ட் அதன் சர்க்கரையைத் தின்றுவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது புளிப்பும், நிறமும், கொஞ்சம் வாசமும், விதையும். அந்தக் கொஞ்ச வாசத்தின் மேலும் பவேரிய ஈஸ்ட் தன் வாழைப்பழத்தைப் போர்த்திவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய ராஸ்பெரி எங்கே என்று கேட்டால், வாங்காத வாழைப்பழத்தைக் காட்டுகிறது வாளி. 1989இல் ‘கரகாட்டக்காரன்’ படத்தில் செந்திலிடம் கவுண்டமணி கேட்ட வாழைப்பழக் கணக்கை உயிர்வேதியியல் இன்னும் தீர்க்கவில்லை. ஈஸ்ட்டுக்குச் செந்தில் என்றே கலைச்சொல் ஆக்கலாம் எனப் பரிந்துரைக்கிறேன்.

5. முடிபு

ராஸ்பெரி பேச வேண்டுமென்றால் ஈஸ்ட் வாயை மூட வேண்டும். அமெரிக்க ஏல் ஈஸ்ட், 11.5 கிராம் பாக்கெட் ஒன்று, 18 டிகிரி. முதல் நொதிப்பு அடங்கிய பிறகே பழம். பழம் விழுந்ததும் நொதிப்பு மறுபடி கிளம்பும். கூழ் மேலேறி ஏர்லாக்கை அடைக்கும். அதனால் அகலமான குழாயை மாட்டுக.

போன தடவை நான் மாட்டவில்லை. அதன் மூலச் சான்று கராஜ் கூரையில் சிவப்பாகக் கிடக்கிறது. நேரில் ஆராய வருவோர் ஏணியும், வெள்ளைப் பெயின்ட் ஒரு டப்பாவும் கொண்டுவரவும்.