அடைக்கோழிக்கு நீ என்ன பாடம் எடுக்கப் போற?

கூட்டுக்குள்ள டார்ச் அடிக்காதடா அப்பு. ஒருத்தி தவங் கெடக்குறா. நீ நிமிசத்துக்கு ஒருக்கா போயி மூஞ்சில வெளிச்சத்தப் பாச்சுனா, அவ உன் கையக் கொத்தாம விட்டதே பெரிய மனசு. அதுல ஒரு வெப்பமானிய வேற வாங்கியாந்து சொருகியிருக்க. 37.5 டிகிரி இருக்கான்னு பாக்கணுமாக்கும்? அவ நெஞ்சுக்குக் கீழ இருந்த பூமுடிய உதுத்துட்டு, வெறுந்தோல முட்டை மேல வச்சுப் படுத்துருக்கா. அந்தத் தோலுக்குத் தெரியாத டிகிரியவா உன் குச்சி சொல்லப் போவுது? சூடு மிஞ்சுனா ஒடம்பத் தூக்கிக் காத்து விடுவா, கொறஞ்சா அமுக்கிப் படுப்பா. ஓரத்து முட்டைய நடுவுக்கும் நடு முட்டைய ஓரத்துக்கும் அலகாலயே தள்ளிப் பொரட்டுவா. அவ எந்த யூடியூப்பப் பாத்துப் படிச்சா, சொல்லு?

போன தடவ நீ அடிச்ச கூத்து ஊருக்கே தெரியும். டவுன்ல போயி அட்டையோட வெள்ள முட்டை வாங்கியாந்து அடைக்கு வச்ச. அது பண்ணைக் கூண்டுல நிக்கிற கோழி போட்டது, ராசா. பொறந்ததுலேர்ந்து சேவல் நெழலக்கூடப் பாத்துருக்காது. அதுல குஞ்சு எதிர்பாக்குறது, பொண்ணே பாக்காம வளகாப்புக்குப் பந்தல் போடுறதுதான். பாவம் அந்தக் கோழி, 21 நாளும் கெடந்து, அதுக்கு மேலயும் கெடந்து, கடசில கூமுட்டை வெடிச்சு வீடே நாறுச்சு. உன் அப்பன் அந்தப் பக்கம் ஒரு வாரம் திரும்பிப் படுக்கல.

அடைக்குன்னா சிறுவிடை தாண்டா. சின்ன ஒடம்பு, பொறுமையான புத்தி. நீ மீச முறுக்கிக்கிட்டு வாங்கியாந்தியே பெருவிடை, அது சண்டைக்கு நிக்கத் தோது. முட்டை மேல ஏறி நின்னா நொறுக்கிட்டுத்தான் எறங்கும். இந்த லெகார்ன்னு சொல்றானுகளே, அதுகிட்ட அடைய எதிர்பாக்கவே எதிர்பாக்காத. வருசம் பூரா முட்டை போடணும்னு அந்தப் புத்தியவே கழிச்சுக்கட்டி வளத்த சாதி அது. நம்ம கோழி பத்துப் பதினஞ்சு முட்டை போடும், அப்பறம் கொர்கொர்னு முடியச் சிலுத்துக்கிட்டுப் போயி ஒக்காந்துக்கும். அத நட்டம்னு சொல்றவன் கணக்குப் புள்ளையா இருக்கலாம், கோழி வளக்குறவன் இல்ல.

அவ அடைக்கு வந்துட்டாளா, இல்ல சும்மா சீன் போடுறாளான்னு ஒரு ராத்திரி பாத்துக்க. ரெண்டு கூழாங்கல்ல வச்சு ஒக்கார வையி. விடிஞ்சும் எந்திரிக்காமக் கெடந்தா நெசம். நல்ல முட்டைய மாத்துறது கருக்கல்லதான், இருட்டுல எடம் மாத்துனாத்தான் அவ சண்ட போட மாட்டா. ஒரு வாரத்துக்கு மேல வச்ச முட்டை வேண்டாம். அழுக்கா இருக்குன்னு கழுவிராத. மேல இருக்குற பூச்சு போச்சுன்னா கிருமி உள்ள பூந்துரும். எல்லாத்தையும் ஒரே நாள்ல வச்சுட்டு, கரித்துண்டால ஆளுக்கொரு கோடு போட்டு விடு. பக்கத்துக் கோழி நைசா வந்து அவ மடியில ஒண்ணப் போட்டுட்டுப் போகும். கோடு இல்லாதத எடுத்து ஆம்லெட் போட்டுக்க. 10, 12-க்கு மேல ஆசப்படாத. றெக்கைக்குள்ள அடங்காத முட்டை மாறி மாறிக் குளுந்து மொத்தத்தையும் கெடுத்துரும். எங்க வழக்கம் ஒத்தப்படையில வைக்கிறது. நீ 11 வையி. ஏன்னு கேக்காத.

கடகாப்பெட்டியில மணலப் பரப்பி மேல வைக்கோல் போடு. பெட்டிக்குள்ள ஒரு இரும்புத் துண்டு, கொஞ்சம் கரி, ரெண்டு வரமொளகா போடச் சொல்லுவேன், நீ சிரிப்ப. இடி இடிச்சா முட்டை கெட்டுரும்னு எங்க ஆத்தா சொல்லிக் குடுத்தது. இடிக்கு அது கெடுதோ என்னமோ, இடியோட வர்ற மழ ஓட்டுல ஒழுகிப் பெட்டிய நனைச்சாக் கண்டிப்பாக் கெடும். அதனால இரும்பயும் போடு, ஓட்டையும் மாத்து. ரெண்டுல எது காப்பாத்துச்சுன்னு நாம சாமிகிட்ட விசாரிக்கப் போறதில்ல. கத்திரி வெயில்ல மட்டும் அடை வைக்காத. ஓட்டுக்குள்ளயே வெந்துரும். ஐப்பசி மழ ஓஞ்சதுக்கு அப்பறம் மாசி வரைக்கும் வச்சாத் தோது.

இப்ப உன் வேல என்னன்னு கேளு. ஒரு நாளைக்கு ஒருக்கா அவ எறங்கி வருவா. அரக்கப் பரக்கத் தின்னு, தண்ணி குடிச்சு, ஒரு எச்சம் போடுவா பாரு, அந்த நாத்தத்துக்கு நீ மாஸ்க் போட்டுக்க. சீக்குன்னு பயந்து டாக்டருக்கு போன் போட்டுறாத. நாள் பூரா அடக்கி வச்சது அப்படித்தான் வரும். அப்பறம் புழுதியில பொரளுவா. அந்த எடத்துல அடுப்புச் சாம்பலக் கொட்டி வையி, செள்ளு ஏறாது. அடைக்கோழிக்குப் பருந்த விடப் பெரிய எதிரி செள்ளுதான். ராத்திரியில ரத்தத்த உறிஞ்சியே அவளக் கூட்ட விட்டு ஓட வச்சுரும். பெட்டியில வேப்பெலையும் நொச்சியும் போடு. அவ பாட்டுக்குப் போயிட்டு அரைமணி நேரத்துல திரும்பிருவா. சில கூறுகெட்டது எறங்காமப் பட்டினி கெடக்கும். அத மட்டும் ரெண்டு கையாலயும் அணச்சுத் தூக்கி வெளிய விடு. றெக்கைக்குள்ள முட்டை மாட்டியிருக்கும், பாத்துத் தூக்கு.

அந்த டார்ச்சுக்கும் ஒரு நாள் வேல இருக்கு, கோவிச்சுக்காத. ஏழாம் நாள் ராத்திரி முட்டையக் கைக்குள்ள புடிச்சு அடியில வெளிச்சம் அடி. செவப்பா நரம்பு ஓடுனா உசுரு புடிச்சுருக்கு. தெளிவா இருந்தாக் கரு இல்ல, எடுத்துரு. கடசி மூணு நாள் அந்தப் பக்கமே போகாத.

பொரிக்கிற அன்னைக்குத்தான் உனக்குக் கை அரிக்கும். மூக்கால ஓட்டுல ஒரு ஓட்டை போட்டுட்டுக் குஞ்சு படுத்துக்கும். அதுக்கப்பறம் முழுசா வெளிய வர ஒரு நாள் கூட ஆகும். "ஐயோ பாவம்"னு ஓட்ட உரிக்காத. உள்ள தோல்ல ரத்தம் ஓடிக்கிட்டு இருக்கும், மிச்ச மஞ்சக்கருவ வயித்துக்குள்ள இழுத்துக்கிட்டு இருக்கும். நீ அவசரப்பட்டா ரத்தம் வடிஞ்சே செத்துரும். வந்ததும் நொய்யத் தூக்கிக்கிட்டு ஓடாத. அந்தக் கருவே ரெண்டு நாளைக்குக் கட்டுச்சோறு. பிந்துன முட்டைக்காக ஆத்தா எந்திரிக்காமக் கெடப்பா, குஞ்சு பசின்னு கத்தாம அடியில கெடக்கும். அத்தன தோதாப் படச்சவன் உன்னக் கூப்புட்டு யோசன கேக்கல.

எறங்குனதும் பஞ்சாரத்துக்கு அடியில விடு. கீழ பேப்பர விரிக்காத, கால் வழுக்கிக் கவட்டிக்கிரும். பழைய சாக்க விரி. தண்ணித் தட்டு விரக்கட ஒசரம் போதும், அதுலயும் கூழாங்கல்லப் போடு, இல்லாட்டி விழுந்து செத்துரும். நொய்யி, ஒடச்ச கம்பு, கேவுரு. இதெல்லாத்துக்கும் மேல கரையான். ஒரு ஒடஞ்ச பானையில காஞ்ச சாணி, கிழிஞ்ச சாக்கு, வைக்கோலப் போட்டுத் தண்ணி தெளிச்சு, பொழுது சாயப் புத்துப் பக்கத்துல கவுத்து வையி. விடியக்காலம் தூக்கிப் பாரு, மொச்சுருக்கும். கறிக்கடைக்காரன் மகன் கூட அப்படி வளர மாட்டான். ஈரம் மட்டும் தங்க விடாத, ரத்தக்கழிச்சல் வந்துரும்.

பருந்து, காக்கா, கீரி, பெருச்சாளின்னு ஆளுக்கொரு பங்கு கேட்டு வரும். வானத்துல நெழல் தெரிஞ்சா அவ ஒரு கொரல் குடுப்பா, குஞ்செல்லாம் மண்ணோட மண்ணா அமுங்கும். உன் ஆத்தா ஒன்பது தடவ கூப்புட்டும் நீ சோத்துக்கு வர்றதில்ல.

ஆனா ஒண்ணு. இத்தனையும் தெரிஞ்ச கோழிக்கு வெள்ளக்கழிச்சலப் பத்தி ஒண்ணும் தெரியாது. எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. அந்தக் காலத்துல கோடையில அது வந்தா தெருவே துப்புரவாப் போயிரும், மாரியாத்தா கோவம்னு வேப்பெலையக் கட்டிட்டு ஒக்காந்துருந்தோம். இங்கதான் உன் படிப்பக் காட்டு. ஏழு நாள் குஞ்சுக்குக் கண்ணுலயோ மூக்குலயோ லசோட்டா தடுப்பு மருந்து ஒரு சொட்டு. ரெண்டு மாசத்துல றெக்கைக்கு அடியில ஒரு ஊசி. மருந்த ஐஸ்ல வச்சுத்தான் கொண்டாரணும், சட்டப் பையில போட்டுக்கிட்டு வெயில்ல டீ குடிச்சுட்டு வந்தீன்னா அது மருந்து இல்ல, வெறுந்தண்ணி. ஒரு குப்பியில நூறு குஞ்சுக்கு இருக்கும், கரைச்சா அடுத்த நாளைக்கு ஆகாது. அதனால தெருப் பொம்பளைக கிட்டயெல்லாம் ஒரே நாள்ல குஞ்சக் கொண்டாரச் சொல்லு. காசு நீ குடு. எல்லாருக்கும் நல்ல பையன்னு பேரு வாங்குவ, அதுல எவளாச்சும் உனக்குப் பொண்ணு பாத்து வைப்பா.

ரெண்டு மாசம் ஆனதும் ஆத்தாக்காரி கொண்டை செவக்கும். அதுவரைக்கும் ஊட்டி வளத்த குஞ்சையே ஓடு ஓடுன்னு கொத்தி வெரட்டுவா. நீ பதறாத. அவ வேல முடிஞ்சுருச்சு, இனி அதுக பாடு. முப்பது வயசுப் புள்ளைக்குத் தட்டுல சோத்தப் பெசஞ்சு வைக்கிற பழக்கமெல்லாம் மனுச சாதியில மட்டுந்தான்.

அன்னைக்கு நான் வர்றேன். கோழி என்னோடது, தீனியும் பாடும் உன்னோடது, குஞ்சுல சரிபாதி. வாரத்துக்கு விட்ட கோழிக்கு அதான் மொற, பேரன்னா அதுக்காக மாறிருமா? பொட்டக் குஞ்செல்லாம் எனக்கு ஒதுக்கிரு, எனக்குச் சிறுவாட்டுக் காசு வேணும். சேவக் குஞ்செல்லாம் நீயே வச்சுக்க, ஆம்பளப் புள்ளைக்கு வீரமா இருக்கும். உருண்ட முட்டையில பொட்ட, கூர் முட்டையில சேவல்னு எவனாவது சொல்லுவான், நம்பாத. நானே அடுத்தவனுக்கு முட்டை விக்கிறப்பதான் அதச் சொல்லுவேன். பங்கு போட்டு ஒத்தையா ஒண்ணு மிஞ்சுனா அது கோழிக்காரிக்கு. 11 வைக்கச் சொன்னது எதுக்குன்னு நெனச்ச? ரெட்டப்படையாப் பொரிச்சுட்டா என்ன செய்வ அப்பத்தான்னு கேக்காத. எண்ணுறது நாந்தான்.