பேய் வீட்டுக்கு முன்பணம்

பேய் வீட்டுப் படம் ஓடுகிற கொட்டகையில், கதவு தானாகச் சாத்திக்கொண்டு, விளக்கு அணைந்து, மாடியிலிருந்து யாரோ இறங்கி வருகிற ஓசை கேட்கத் தொடங்கியதும், ஏதாவது ஒரு வரிசையிலிருந்து ஒரு புத்திசாலி எழுப்புகிற கேள்வி எந்த ஊரிலும் ஒன்றேதான்: "அந்த வீட்டை விட்டுப் போய்த் தொலைய வேண்டியதுதானே?" இப்படிக் கேட்பவர் அநேகமாகச் சொந்த வீட்டுக்காரராக இருப்பார் என்பது என் அபிப்பிராயம். தரகருக்குப் பின்னால் தெருத் தெருவாக நடந்து, குலம், கோத்திரம், ஆகார நியமம், குழந்தைகள் சுவரில் கிறுக்குவார்களா என்பது ஈறாக வீட்டுக்காரர் கேட்கிற சகல கேள்விகளுக்கும் பணிவோடு பதில் சொல்லி, பத்து மாத வாடகையை முன்பணமாக எண்ணி வைத்துக் குடியேறிய ஒரு ஜீவனுக்கு, மாடியில் யாரோ நடமாடுகிறார்கள் என்கிற அற்பக் காரணத்தினால் வீட்டைக் காலி செய்வது சாத்தியமா என்பதை அனுபவஸ்தர்கள் அறிவார்கள்.

இந்த வகைப் படங்கள் இத்தனை காலமாக நிலைத்திருப்பதற்கு மரண பயம், மறுமை விசாரம், அடிமனத்தின் ஆசைகள் என்று பண்டிதர்கள் பலவாறாகக் காரணம் சொல்லியிருக்கிறார்கள். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் படத்தின் முதல் பத்து நிமிஷத்தைச் சற்றுக் கவனித்துப் பார்த்தால், ஆவி வருவதற்கு வெகு நேரம் முன்பே பணப் பேச்சு வந்துவிடுகிறது. 1944இல் வெளிவந்த 'தி அன்இன்வைட்டட்' என்ற படத்தில், ஓர் அண்ணனும் தங்கையும் கடலோரத்தில் ஒரு மாளிகையைப் பார்த்து மயங்கி, கையிலிருக்கும் சேமிப்பையெல்லாம் திரட்டி அதை வாங்கிவிடுகிறார்கள். விலை சந்தேகப்படத்தக்க மலிவு. முன்பு குடியிருந்தவர்கள் ஏதோ தொந்தரவு என்று புகார் சொன்னார்கள் என வீட்டுக்காரரே ஒப்புக்கொள்கிறார் (வீடு விற்கிறவர் இவ்வளவு சத்தியசந்தராக இருப்பது பேயைக் காட்டிலும் அபூர்வம்). அவர்களுடைய நாய்க்குட்டி மட்டும் மாடிப்படி ஏற மறுக்கிறது. அது பணம் போடவில்லை அல்லவா? 1960இல் வந்த '13 கோஸ்ட்ஸ்' படத்திலோ, கடன்காரர்கள் மேஜை நாற்காலிகளைக்கூடத் தூக்கிக்கொண்டு போய்விட, தரையில் உட்காரும் நிலைக்கு வந்துவிட்ட ஒரு குடும்பத்துக்கு மாமாவின் வீடு உயிலில் வருகிறது. கூடவே ஒரு டஜன் ஆவிகளும் வருகின்றன. அந்தக் குடும்பத் தலைவர் வேண்டாம் என்று சொல்வாரா? நான் சொல்லியிருக்க மாட்டேன்.

இந்தப் பின்னைய படத்தைத் தயாரித்து இயக்கிய வில்லியம் காஸில், ரசிகனின் நாடியைப் பிடித்துப் பார்த்த மகா வியாபாரி. 1958இல் ஒரு படத்துக்கு, பயத்தினால் யாராவது இறந்துபோனால் ஆயிரம் டாலர் என்று பார்வையாளர்களின் பேரில் காப்பீடு எடுத்து விளம்பரம் செய்தார். அடுத்த வருஷம் 'தி டிங்க்ளர்' படத்துக்குச் சில நாற்காலிகளின் அடியில் சின்ன மோட்டார்களைப் பொருத்தி, உட்கார்ந்திருந்தவர்களை உதறியெடுத்தார். அதே 1959இல் வந்த அவருடைய 'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்' என் கட்சிக்கு மிகச் சிறந்த சாட்சி. வின்சென்ட் பிரைஸ் நடித்த கோடீசுவரர் ஐந்து பேரை அழைத்து, விடியும் வரை வீட்டில் தங்கினால் ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் என்கிறார். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் பண முடை. படத்தில் எலும்புக்கூடு எழுந்து வருகிற கட்டத்தில், கொட்டகைக்குள்ளேயே கம்பியில் கட்டிய ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை ஜனங்களின் தலைக்கு மேலே பறக்கவிட்டார் காஸில். விஷயம் வெளியே பரவியதும், ஊர்ப் பையன்கள் கவண்களோடு வந்து சேர்ந்து, எலும்புக்கூட்டைக் குறிபார்த்து அடிப்பதையே அன்றைய பொழுதுபோக்காக்கிக் கொண்டார்களாம். அந்தப் பையன்களிடத்தில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

நம் தேசத்திலும் இந்தச் சம்பிரதாயம் மாறவில்லை. 1949இல் கமால் அம்ரோஹி எடுத்த 'மஹல்' படத்து மாளிகை, கதாநாயகனின் தகப்பனார் ஏலத்தில் எடுத்தது. 1963இல் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' வந்தபோது, பணத்துக்குப் பதிலாகப் பூர்வ ஜன்ம பாக்கி கதாநாயகனைக் கட்டிப்போட்டது. அது எந்தக் குடிக்கூலிப் பத்திரத்தையும் விட உறுதியானது. அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த வின்சென்ட், மறு வருஷமே மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' என்ற படத்தை இயக்கினார். வைக்கம் முகம்மது பஷீர் தம்முடைய சிறுகதையைத் தாமே திரைக்கதையாக எழுதிக் கொடுத்த படம் அது. அந்தச் சிறுகதையில் வருகிற எழுத்தாளர், வாடகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு வந்த பிறகுதான், கிணற்றில் விழுந்து மாண்ட பெண்ணின் ஆவி அங்கே இருக்கிறது என்று கேள்விப்படுகிறார். கொடுத்த பணம் திரும்பி வருமா? ஆகவே அவர் ஆவியிடமே மரியாதையாகப் பேசி, தன்னைக் கொன்றுவிட வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு, பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு எழுத உட்காருகிறார். இதைவிட யதார்த்தமான குடித்தனக்காரரை நான் இலக்கியத்தில் சந்தித்ததில்லை.

இவையெல்லாம் இருக்க, இந்த ஜாதியில் தலையாயது என்று நான் கருதுவது, ஷெர்லி ஜாக்சனின் 1959ஆம் வருஷத்து நாவலைத் தழுவி ராபர்ட் வைஸ் 1963இல் எடுத்த 'தி ஹாண்டிங்'. பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவரோடு அமர்ந்து அதைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்வதைக் கண்டு நான் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டிருந்தபோது, அவர் முகத்தில் தெரிந்தது பயமல்ல, தொழில் ரீதியான வருத்தம். "நிலை சாய்ந்திருக்கிறது, ஓய்! தூக்குக்குண்டு போட்டுப் பார்க்காமலே கொத்தன் சுவர் எழுப்பியிருக்கிறான்" என்றார். இரண்டு நிமிஷம் கழித்து, படத்தில் அந்த வீட்டின் ஆவிகளை ஆராய வந்திருக்கிற ஆராய்ச்சியாளரும் அதையே சொன்னார்: அந்த வீட்டில் எந்த மூலையும் செங்கோணமாக இல்லாததினால்தான் கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்கின்றனவாம். நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை வர்ணிக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவரைத் தடுக்க முடியவில்லை. குழந்தைகள் அறை வாசலில் உறைகிற குளிர் என்றால் காற்றோட்டக் கோளாறு. நூலகத்துச் சுருள் படிக்கட்டு ஆடினால் சுவரில் அடித்த முளை துரு ஏறிவிட்டது. அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரியைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

சமையற்காரி டட்லி அம்மாள் வருகிற கட்டத்தில் மட்டும் இருவரும் ஒருமித்து ரசித்தோம். வேளாவேளைக்குச் சாப்பாடு எடுத்து வைப்பாள், இருட்டுவதற்கு முன் ஊருக்குப் போய்விடுவாள், ராத்திரியில் கூவினாலும் கேட்க யாரும் கிடையாது. இந்த நிபந்தனைகளை வருகிற விருந்தாளி ஒவ்வொருவரிடமும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் ஒப்பித்து, கடைசியில் லேசாகப் புன்னகையும் செய்கிறாள். அந்த வீட்டில் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே நேரத்தைப் பேசி முடித்துக்கொண்ட ஒரே புத்திசாலி அவள்தான்.

படம் முழுவதிலும் ஆவி என்று ஒன்றைக் கண்ணில் காட்டவே இல்லை. இரவில் சுவர் இடிபடுகிற சத்தம், ஒரு பெரிய மரக்கதவு மூச்சு விடுவதைப் போல் உள்ளே புடைத்து வருகிற காட்சி, அவ்வளவுதான். மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிக் கதவு செய்து, பின்னாலிருந்து ஆளை விட்டு அழுத்தினார்களாம். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்தக் கட்டத்தில் எனக்குக் கை சில்லிடுகிறது. என் நண்பரும் அப்போது மரத்தின் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் என்று யோசித்தால், ஜூலி ஹாரிஸ் நடித்த எலினார் என்கிற அந்தப் பெண் என் நினைவுக்கு வருகிறாள். படுக்கையில் விழுந்த தாயாரைப் பல வருஷம் பராமரித்தவள்; ஓர் இரவு தாயார் சுவரைத் தட்டியபோது எழுந்து போகாமல் இருந்துவிட்டவள். இப்போது சகோதரி வீட்டுக் கூடத்தில், சோபாவே படுக்கையாக வாழ்கிறாள். காரில் பாதிப் பங்கு அவளுடையது. அந்தக் காரையும் கேட்டபோது தர மறுத்துவிட்டதால், சொல்லாமல் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஹில் ஹவுஸ் என்கிற அந்தப் பேய் வீட்டில் முதல் இரவு சுவர் தட்டப்படும்போது அவள் அரைத் தூக்கத்தில் "இதோ வருகிறேன், அம்மா" என்கிறாள். எல்லாரும் நடுங்குகிற வீட்டில், தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஓர் இடம் கிடைத்துவிட்டதே என்று அவள் உள்ளூர மகிழ்கிறாள். கொட்டகைப் புத்திசாலியின் யோசனையைக் கடைசியில் ஆராய்ச்சியாளரே நிறைவேற்றுகிறார்: அவளுடைய நன்மையைக் கருதி, உடனே புறப்படு என்கிறார். எனக்குப் போக இடமில்லையே என்று அவள் மன்றாடுவதை யாரும் காதில் வாங்கவில்லை. காரில் ஏற்றுகிறார்கள், வெளிவாசலை அடைவதற்குள் கார் மரத்தில் மோதி அவள் மாண்டுபோகிறாள். அத்தனை இரவுகள் அந்த வீட்டுக்குள் இருந்தவளுக்கு ஒன்றும் நேரவில்லை.

கூட வந்திருந்தவர்களில், வீட்டுக்கு வாரிசான லூக் என்கிற வாலிபன், வந்த நாள் முதல் எதை விற்றால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன். வீட்டைக் கொளுத்திவிட்டு நிலத்தில் உப்பை விதைக்க வேண்டும் என்கிறான் அவன் முடிவில். "இடிப்புச் செலவு யார் கொடுப்பது?" என்றார் என் நண்பர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

வாஸ்தவத்தில் யாரும் கொளுத்தவில்லை. படத்தில் வெளித்தோற்றத்துக்குக் காட்டிய மாளிகை, இங்கிலாந்தில் ஸ்ட்ராட்போர்டுக்கு அருகிலுள்ள எட்டிங்டன் பார்க். அது இப்போது ஒரு விடுதி. காஸிலின் படத்தில் ஓர் இரவு தங்குகிறவருக்குப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார்கள். இங்கே தங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும். நான் இதைச் சொன்னதும் நண்பர் சற்று நேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, காலைச் சிற்றுண்டி வாடகையில் சேர்த்தியா என்பதை மட்டும் விசாரித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.